முதல் ஊசிக்கு முன் இரத்தம் எடுங்கள்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், இந்தப் பகுதி வைத்தியசாலைகளின் அத்தியட்சகர்களுக்கும்,

வணக்கம்.

பெரும்போகம் வருகிறது. மழை விழுந்து வட்டையில் தண்ணீர் நின்றால் காய்ச்சலும் கூடவே வரும். டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் இப்போது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று மெலியோய்டோசிஸ். அதன் கிருமி மண்ணிலும் சேற்றிலும் வாழ்கிறது. காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போய், பலருக்கு இரத்தத்திலேயே கலந்துவிடுகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். எங்கள் ஊர்களில் வேளாண்மையும் சீனி வருத்தமும் ஒரே ஆளிடம் இருப்பது சர்வ சாதாரணம்.

நான் கேட்பது ஒன்றுதான். இரத்தத்தில் கிருமி என்ற சந்தேகம் வந்தால், முதல் அன்டிபயோட்டிக் ஊசிக்கு முன்னரே பிளட் கல்ச்சருக்கு, அதாவது இரத்தத்தில் உள்ள கிருமியைப் போத்தலில் வளர்த்து இனங்காணும் சோதனைக்கு, இரத்தம் எடுக்க வேண்டும். இரவானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், சின்ன ஆஸ்பத்திரியானாலும்.

என் மாமா படுவான்கரையில் வேளாண்மை செய்பவர், சீனி வருத்தக்காரர். காய்ச்சலும் இருமலுமாக ஓர் இரவு பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செஃப்ட்ரியாக்சோன் என்ற அன்டிபயோட்டிக் ஊசி போட்டு, அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மறுநாள்தான் கல்ச்சர் எடுத்தார்கள். ஒன்றும் வளரவில்லை என்று முடிவு வந்தது. ஊசி தொடர்ந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. பிறகு ஸ்கானில் ஈரலில் கட்டி தெரிந்து, அதிலிருந்து எடுத்த சீழில்தான் கிருமியின் பெயர் கிடைத்தது. மருந்தை மாற்றியதும் மெல்ல மெல்லத் தேறினார். அந்த இரவு கடமையில் இருந்த டொக்டரும் மிஸ்ஸும் ஓடியோடித்தான் பார்த்தார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அங்கே கல்ச்சர் போத்தல் இருக்கவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

ஊசி போட்ட பிறகு இரத்தம் எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான கிருமித்தொற்றோடு வந்த அதே நோயாளிகளிடம் மருந்துக்கு முன்னும், மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முன்னர் எடுத்ததில் 100 பேரில் 31 பேருக்குக் கிருமி தெரிந்தது. பின்னர் எடுத்ததில் 19 பேருக்குத்தான். மாமாவுக்கு எடுத்தது மறுநாள்!

கிருமியின் பெயர் தெரியாவிட்டால் மெலியோய்டோசிஸில் பிழைப்பது கடினம். பெனிசிலின், ஜென்டமைசின் எல்லாம் அதனிடம் பெரும்பாலும் எடுபடாது. செஃப்ட்ரியாக்சோனை நம்பியிருக்க முடியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாட்கள், அப்புறம் கோட்ரைமொக்ஸசோல் குளிசை குறைந்தது மூன்று மாதம் வேண்டும். இவ்வளவு நீண்ட வைத்தியத்தை யாரும் ஊகத்தில் தொடங்க மாட்டார்கள்.

வாட்டில் படுத்திருக்கும்போது புதிதாகக் காய்ச்சல் வருபவர்களுக்கும் இதே கதைதான். மருந்து ஏற்ற நரம்பில் வைக்கும் குழாயான கனுலா போட்ட இடம் சிவந்து, அந்த வழியாகக் கிருமி இரத்தத்துக்குப் போயிருக்கலாம். அவர்களுக்கும் மருந்தை மாற்றுவதற்கு முன் கல்ச்சர் எடுக்க வேண்டும்.

எடுக்கிற விதமும் முக்கியம். வளர்ந்தவருக்குப் போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் இரத்தம், இரண்டு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அது எடுக்கும்போது கலந்தது என்று பெரும்பாலும் பிரித்தறியலாம். தோலைத் துடைத்தபின் காய விட வேண்டும், துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. போத்தலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். ஆய்வுகூடம் பூட்டியிருக்கிறதென்று போத்தலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. இதற்காக ஊசி மருந்தைத் தாமதிக்கச் சொல்லவில்லை. போத்தல் கையில் இருந்தால் சில நிமிட வேலைதான்.

ஆகவே, நோயாளிகளை அனுமதிக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும், பிரதேச வைத்தியசாலை வரை, அவசர மருந்துத் தட்டிலேயே கல்ச்சர் போத்தல்கள் இருக்கட்டும். நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால், இரத்தம் எடுத்த போத்தலும் அதே அம்புலன்ஸில் போகட்டும். சோதனைப் படிவத்தில் ‘வேளாண்மை, சீனி வருத்தம்’ என்று எழுதி அனுப்பட்டும். மெலியோய்டோசிஸ் கிருமியைச் சாதாரணக் கிருமியென்று ஆய்வுகூடம் தள்ளிவிடுவதுண்டு. அந்த இரண்டு விவரமும் இருந்தால் பார்ப்பவர் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார். கிருமி வளர்ந்தால் அறிக்கை அச்சாகும்வரை காத்திராமல் வாட்டுக்குத் தொலைபேசியில் சொல்லட்டும்.

காசு பெரிய பிரச்சினை என்பது தெரியும். 2022இல் மருந்துக்கும் சோதனைப் பொருட்களுக்கும் நாம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு நோயாளிக்குப் பிழையான மருந்தை நாட்கணக்காக ஏற்றி, பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டு அந்தப் போத்தலின் விலையைக் கணக்குப் பாருங்கள்.

விதைப்பு முடிந்து மழை இறுகுவதற்குள், எந்தெந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் பிளட் கல்ச்சர் எடுக்க முடியும் என்று தயவுசெய்து பகிரங்கமாக அறிவியுங்கள். எங்கே இல்லையோ அதையும் சொல்லுங்கள். போத்தல் வாங்க உதவி தேவையென்றால் ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களையும் விவசாயச் சங்கங்களையும் கூப்பிடுங்கள், நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
படுவான்கரை வேளாண்மைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்