பிள்ளைக்கு எத்தனை கட்டை? சாம்பல்தீவில் வகுப்புத் தொடங்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் பாட்டு வகுப்புத் தொடங்கப் போவதாக நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைவு இல்லை. பன்னிரண்டு பிள்ளைகள், ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை. கூடவே, வேலைக்குப் போகும் ஒரு அக்காவும் பழக வருகிறார் என்றாய். "சேர், முதல் ஆறு மாதத்தில் எதுவரை கொண்டு போகலாம்? சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சிகளை முடித்துவிடலாமா?" என்று கேட்டாய். நான் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். திருகோணமலையில் உன்னைப் போல வகுப்பு நடத்தும் இளையவர்கள் வேறு சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

எதுவரை என்ற கேள்வி இருக்கட்டும். எந்தச் சுருதியில் தொடங்கப் போகிறாய்?

உனக்கு ஒரு கட்டை. எனக்கும் அதுதான். சுருதியின் உயரத்தைத்தான் நாம் கட்டைக் கணக்கில் சொல்கிறோம்; எண் கூடக் கூடச் சுருதி மேலே போகும். சுருதிப் பெட்டியைத் திறந்தால் நம் கை தானாக அங்கேதான் போய் நிற்கும். நாம் ஸட்ஜத்தை, அதாவது அடிச் சுரமான ஸ-வை, பிடித்து "பாடுங்கள்" என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? சிலர் நம் குரல் இருக்கும் ஆழத்துக்கே இறங்கப் பார்ப்பார்கள். அங்கே அவர்களுக்குக் குரலே கிடையாது; உறுமல்தான் வரும். வேறு சிலர் ஒரு ஸ்தாயி மேலே ஏறி, நம் மேல் ஸ-வில் பிடிப்பார்கள். தொடக்கம் நன்றாக இருக்கும், மேல் ஸட்ஜத்துக்குப் போகும்போது கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். ஆண் குரலைக் கேட்டு, தன் குரலில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சின்னப் பிள்ளைக்குச் சுலபமான வேலை இல்லை. அதைச் செய்ய முடியாத பிள்ளையைப் பார்த்து "சுருதி சேரவில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

நானும் அப்படிச் சொன்னேன். வகுப்புத் தொடங்கிய முதல் வருடங்களில் என்னிடம் ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். நான்கு மாதம் பழக்கியும் ஸ-வும் ரி-யும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தன. அவனைக் கடைசி வரிசையில் இருத்தி, நீ தாளத்தை மட்டும் போடு என்றேன். தாயிடம், இவனுக்குக் குரல் இல்லை, மிருதங்கம் பழக்கிப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டேன். ஒரு நாள் பின்னேரம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ஒழுங்கையால் பாண் விற்கும் முச்சக்கர வண்டி போனது. அந்த வண்டிகள் ஒலிக்கும் மெட்டு பேத்தோவனுடையது என்பது உனக்குத் தெரியும். வண்டி தூரம் போன பிறகும் அந்த மெட்டு அறைக்குள் கேட்டது. கடைசி வரிசையில் அவன்தான் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தான்.

அந்த மெட்டை நம் சுரத்தில் எழுதிப் பார். அது வந்து அமரும் இடத்தை ஸட்ஜமாக வைத்தால், ப ம ப ம ப ரி ம க ஸ. முதலில் இரண்டு முறை வரும் ம பிரதி மத்திமம், உயர்ந்த ம. பின்னால் வருவது சுத்த மத்திமம், தாழ்ந்த ம. ஒரே மூச்சில் இரண்டு மத்திமம்! ஸ-வையும் ரி-யையும் பிரிக்கத் தெரியாது என்று நான் முடிவு கட்டிய பிள்ளை, அவ்வளவையும் பிசகில்லாமல் பாடினான். அவனைத் திரும்பப் பாடச் சொல்லிக்கொண்டே சுருதிப் பெட்டியை நகர்த்தினேன். அவன் குரல் இருந்த இடம் ஆறு கட்டை. அந்தச் சுருதியை வைத்து ஸ ரி க ம என்றேன். நாலு சுரமும் அதனதன் இடத்தில் விழுந்தன. அன்று அவனைக் கூட்டிக்கொண்டு போக வந்த தாயிடம், நான் சொன்னது பிழை என்றேன். நான்கு மாதம் தவறான கட்டையில் அவனைப் பாட வைத்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே முதல் சனிக்கிழமை பாடம் எதுவும் எடுக்காதே. ஒவ்வொரு பிள்ளையையும் அதற்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பாடச் சொல். கோவிலில் கேட்டது, தேவாலயப் பாடற்குழுவில் பாடியது, அம்மம்மாவின் தாலாட்டு, தொலைக்காட்சி விளம்பரம், எதுவாகவும் இருக்கட்டும். அது எங்கே வந்து ஓய்கிறது என்று பார்த்துக் கட்டையைக் குறித்துக்கொள். பெரும்பாலும் ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில்தான் வரும். பன்னிரண்டு பேரையும் ஒரே சுருதியில் பாட வைக்கத்தான் வேண்டும் என்றால் ஐந்தரையில் வைத்துப் பார். அதில் நிற்க முடியாத ஒருவர் இருவரைக் கடைசியில் பத்து நிமிடம் தனியாக இருத்திப் பழக்கு. கைத்தொலைபேசிச் செயலியில் சுருதி வைப்பாய் என்றால், ஒலிபெருக்கி ஒன்றைப் பொருத்திக்கொள். தொலைபேசியின் சின்னக் குழலில் ஸட்ஜத்தின் அடிநாதம் வராது. ஒட்டி நிற்கப் பிள்ளைக்கு இடம் இருக்காது.

ஐந்தரையில் உன் குரல் சிரமப்படும் என்பது தெரியும். அதற்குத்தான் உன்னிடம் வயலின் இருக்கிறதே! தந்திகளை அவர்கள் சுருதிக்குக் கூட்டிவிட்டு, வாசித்துக் காட்டு. முதல் மாதம் முழுவதும் சுரப் பாடத்துக்கு ஸ, ப, மேல் ஸ மூன்றும் போதும். ஒரு தந்தியின் நீளத்துக்குக் காகித நாடா ஒன்றை வெட்டி, பிள்ளைகளையே இரண்டாக மடிக்கச் சொல். மடிப்பு வந்த இடத்தில் விரலை வைத்தால் மேல் ஸட்ஜம். மூன்றாக மடித்து, மேற்பக்கத்து முதல் மடிப்பில் வைத்தால் பஞ்சமம், அதாவது ப. கையால் மடித்த காகிதத்திலிருந்து சுரம் பிறப்பதைப் பார்க்கும்போது அந்தக் கண்கள் விரிவதை நீயே காண்பாய்.

பிறகு மாயாமாளவகௌளை ராகம். புரந்தரதாசர் வகுத்துத் தந்ததாக நாம் போற்றும் இந்த வழியை மாற்ற நான் சொல்லமாட்டேன். ஆனால் மேளம் என்னும் தாய் ராகங்களின் வரிசையில் பதினைந்தாவதான இது ஏன் முதற் பாடமானது என்பதை நீ உணர்ந்து பழக்க வேண்டும். ஸ-வுக்குப் பக்கத்திலேயே சுத்த ரிஷபம், அதாவது ரி. அங்கிருந்து அந்தர காந்தாரமான க-வுக்கு ஒரு பெரிய தாண்டல். உடனே பக்கத்தில் மத்திமம். பஞ்சமத்திலிருந்து மேலே போனால் அதே நெருக்கம், அதே தாண்டல், அதே நெருக்கம். கீழ்ப்பாதி பிடிபட்டால் மேற்பாதி தானே வந்துவிடும். பிள்ளைகள் தடுக்கி விழுவது ரிஷபத்தில்தான். ஒன்றில் ஸ-வோடு ஒட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் மேலே ஏறிவிடுவார்கள். ஸ ரி ஸ, ஸ ரி ஸ என்று அந்த இரண்டு சுரத்திலேயே ஒரு வகுப்பைக் கழித்தாலும் நட்டமில்லை. எனக்குத் தெரிந்து, அவசரப்பட்டு அந்த இடத்தைக் கடந்த பிள்ளைகள் பயிற்சி வரிசைகள் முடிந்து கீதத்துக்கு வந்த பிறகும் அதே இடத்தில் தடுமாறினார்கள்.

கொப்பி இரண்டு மாதத்துக்கு வேண்டாம். கொப்பியைப் பார்த்துப் பாடும் பிள்ளை சுரத்தின் பெயரை வாசிக்கிறது, அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க விரும்பினால், சரளி முதல் வரிசையைச் சுரப் பெயர் இல்லாமல் "ஆ" என்று அகாரத்தில் பாடச் சொல். பெயர்கள் போனதும் சுரமும் போய்விட்டால், அந்தப் பாடம் இன்னும் காதுக்குள் போகவில்லை.

தாளத்துக்கு நீ அதிகம் பாடுபட வேண்டியிராது. உன் பிள்ளைகளில் பாதிப்பேர் கடற்கரை வீடுகளிலிருந்து வருகிறவர்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடி இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு கயிற்றைக் கொடுத்து இரு பக்கமும் நிற்க விடு. இழுப்புக்கு ஒரு எண்ணிக்கை. எட்டு இழுப்பு ஆனதும் ஆதி தாளம் உடம்புக்குள் வந்துவிடும். அதன் பிறகு முதலில் ஒரு தட்டும், சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கையும், அடுத்து இரண்டு முறை தட்டித் திருப்புவதும் அதற்கான கணக்குதான் என்று காட்டினால் போதும். இரண்டாம் காலத்துக்குப் போகும்போது மட்டும் கவனமாக இரு. பாட்டு இரட்டிப்பாகும்போது கையும் கூடவே ஓடும். பாதிப்பேர் தாளம் போட, மற்றப் பாதிப்பேர் பாடட்டும், பிறகு மாற்றிவிடு.

மூன்றாம் வாரத்துக்குள் ஒரு பாட்டாவது கையில் கொடுத்துவிடு. வெறும் வரிசைகளோடு வீட்டுக்குப் போகும் பிள்ளை, வீட்டில் யாருக்கும் எதையும் பாடிக் காட்ட முடியாமல் நிற்கிறது. நம்மூருக்கென்றே சம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பண் புறநீர்மை. முதற்பாட்டிலேயே கடல் முத்துக் கொழிக்கிறது, பாட்டுக்குப் பாட்டு கோணமாமலை என்ற பெயர் வருகிறது. ஆனால் உன்னிடம் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வருவார்கள். எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய தாலாட்டு ஒன்றோ, நாட்டார் பாடல் ஒன்றோ கட்டாயம் வைத்திரு. வகுப்பில் ஒரு பிள்ளையும் வாயை மூடிக்கொண்டு இருக்க நேரக்கூடாது.

அந்த அக்காவைப் பற்றி ஒன்று. பிள்ளை பிழையாகப் பாடிவிட்டுச் சிரிக்கும். வளர்ந்தவருக்குத் தொண்டை அடைத்துவிடும். முதல் சில வாரம் அவரைத் தனியாகப் பாடச் சொல்லாதே. வாயை மூடி ஸட்ஜத்தை முனகச் சொல், கூட்டத்தோடு சேர்ந்து பாட விடு. அவராகவே ஒரு நாள் "நான் பாடிப் பார்க்கட்டுமா" என்று கேட்பார்.

வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு எப்போது விடுவாய் என்று பெற்றோர் மூன்றாம் மாதமே கேட்பார்கள். அந்தப் பரீட்சைகளை நான் மதிக்கிறேன். தரம் தரமாக ஏறிக் கலாவித்தகர் பட்டம் பெற்றவர்களிடம்தான் நானும் பழகினேன். ஆனாலும் முதல் வருடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல். உன்னால் முடியாவிட்டால் என்னிடம் அனுப்பு, நான் பேசுகிறேன்.

வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு நிலாவெளி பஸ்ஸில் வருகிறேன். வயலினுக்குப் புதிய தந்தி ஒரு சோடி என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். நான் வருவதற்குள் பன்னிரண்டு பேரின் கட்டையையும் ஒரு தாளில் எழுதி வைத்திரு.

அன்புடன்,
உன் சேர்