மிளகாய்ப் பேஸ்ட்டில் கூனி போட்டால் அதை எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் கல்லடியில் இருந்து எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியில் வலை வீசி இறால் பிடித்து விற்பதுதான் என் தொழில். என் மகளுக்கு அந்த இறால் ஆகாது. நாலு வயதில் ஒரு துண்டு இறால் பொரியல் தின்று உடம்பெல்லாம் தடித்துப்போனது. அன்று முதல் நான் தொழிலால் வந்ததும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன். அவளுக்குச் சமைக்கத் தனிச் சட்டி, தனி அகப்பை.

போன மாசி மாதம் அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள், சைனீஸ் கடை நூடில்ஸ் வேண்டும் என்று ஒரே பிடி. சரி என்று நகரில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனோம். கடையின் பெயரைச் சொல்லவரவில்லை, அது என் நோக்கமும் இல்லை. சிக்கன் நூடில்ஸ் கேட்டேன். “பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது தம்பி, ஒரு துண்டும் விழக்கூடாது” என்று இரண்டு முறை சொன்னேன். “போடமாட்டம் அண்ணன்” என்றார் அந்தப் பொடியன். சொன்னபடி ஒரு துண்டும் இல்லை. கரட், லீக்ஸ், கோவா, கோழி, அவ்வளவுதான். பாதிப் பிளேட் முடியுமுன் மகள் தொண்டையைச் சொறிந்தாள். உதடு வீங்கியது, குரல் கம்மியது. ஓட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில் ஊசி போட்டு, அன்று இரவு முழுக்க வைத்துப் பார்த்துத்தான் விட்டார்கள். இப்படி ஒரு நேரத்தில் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பது பதற்றத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை.

அயலவர்கள் எல்லாரும் அஜினோமோட்டோதான் காரணம் என்றார்கள். அது 1908இல் ஜப்பானில் ஒரு பேராசிரியர் கடற்பாசியில் இருந்து பிரித்தெடுத்த சுவை உப்பு. பக்கெட் சூப்பில் மகள் அதை எத்தனையோ தரம் சாப்பிட்டவள், ஒன்றும் செய்ததில்லை.

இரண்டு கிழமை கழித்து அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். சண்டை பிடிக்க அல்ல. சமையல்காரத் தம்பி நல்ல மனிதர், குசினி வாசலில் நிற்கவிட்டுக் காட்டினார். அவித்து எண்ணெய் பூசிய நூடில்ஸ் தட்டில் கிடக்கிறது. அடுப்பு குமுறி எரிகிறது. தாச்சியில் ஒரு ஓடர் முடிந்ததும் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றி, தேய்த்து, கவிழ்த்துவிட்டு அடுத்த ஓடர். எங்களுடையதற்கு முன்னால் அதே தாச்சியில் இறால் போட்ட மிக்ஸ் நூடில்ஸ் போயிருக்கலாம். அப்புறம் மிளகாய்ப் பேஸ்ட் டப்பாவைத் திறந்தார். எனக்கு மணத்திலேயே தெரிந்துவிட்டது. கூனி! செத்தல் மிளகாய், உள்ளியோடு கூனியை வறுத்து அரைத்துப் போட்டிருக்கிறார்கள். கூனியும் இறால் சாதிதான். பொரித்தாலும் வறுத்தாலும் அதில் உள்ள ஒவ்வாமைச் சத்து அழியாது என்று டொக்டர் எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். பரிமாறிய பொடியன் பொய் சொல்லவில்லை. பேஸ்ட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

சோஸ் போத்தலில் உள்ளடக்கம் அச்சடித்திருக்கிறது. ஓய்ஸ்டர் சோஸில் சிப்பிச் சாறு, சோயா சோஸில் சோயாவும் கோதுமையும். அந்தப் போத்தல் குசினிக்குள் போனதும் விவரமும் உள்ளேயே நின்றுவிடுகிறது. சாப்பிடுகிறவர் கைக்கு வருவது பெயரும் விலையும் மட்டும் உள்ள மெனு. என் மனைவி வெள்ளிக்கிழமை விரதம். வெஜிடபிள் நூடில்ஸ் கேட்டால் முட்டை போட்டு வரும், முட்டையை மரக்கறி என்றே நினைக்கிறார்கள். முட்டையை விலக்கச் சொன்னாலும் நூடில்ஸ் மாவிலேயே முட்டை இருக்கலாம், ஓய்ஸ்டர் சோஸும் விழுந்திருக்கலாம்.

எழுதி ஒட்டுவது பெரிய வேலை அல்ல. வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்று எத்தனை கடைகள் ஹலால் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கின்றன. அதேபோல் காசு கட்டும் இடத்தில் ஒரு மட்டை தொங்கட்டும்: இறால், நண்டு, கூனி, மீன், முட்டை, கச்சான், சோயா, பால், கோதுமை, இவை எந்தெந்தச் சாப்பாட்டில், எந்தப் பேஸ்ட்டில், எந்தச் சோஸில் என்று. சொல்லிக் கேட்கிறவர்களுக்காக ஒரு தாச்சியைத் தனியே வைக்கட்டும். ஒரு தாச்சி வாங்கக் கடை முதலாளி யோசிக்கவேண்டாம், இரண்டு நாள் மிக்ஸ் நூடில்ஸ் விற்றால் அந்தக் காசு வந்துவிடும். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி கடைகளைப் பார்வையிட வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எலி, ஈ, குப்பை பார்ப்பதோடு இதையும் கேட்டுச் சொல்லிக்கொடுத்தால் பெரிய உதவி. மாநகர சபை இதை மனதில் எடுக்கவேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன்.

இந்தக் கடைகளை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் இறாலும் அங்கேதான் போகிறது. மகளுக்கு வருகிற மாசியில் பத்து வயது. இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு நூடில்ஸ்தான் வேண்டுமாம். அந்த மட்டையைத் தொங்கவிட்ட கடை ஒன்று அதற்குள் வந்தால் அங்கேதான் கூட்டிப் போவேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
கல்லடி, மட்டக்களப்பு.