எலிங்டன் குழுவில் இருவர்

அன்புள்ள நண்பர் சீனிவாசனுக்கு,

வணக்கம். கண் அறுவைக்குப் பிறகு படிப்பைக் குறைத்துக்கொண்டு ஜாஸ் கேட்டுப் பொழுதைக் கழிப்பதாக எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால், பல கருவிகளைத் தொட்டவர் எதிலும் ஆழம் காண்பதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் நடத்திய குழுவின் ரே நான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 நவம்பரில் கூட்டி வில்லியம்ஸ் விலகியதால் காலியான டிரம்பெட் இடத்துக்கு வந்த இவர் வயலினும் வாசித்தார், பாடினார், போதாக்குறைக்கு மேடையில் ஆடவும் செய்தார். சில மாதங்களுக்குள், 1941 பிப்ரவரியில், 'டேக் தி ஏ டிரெய்ன்' பதிவில் இவர் வாசித்த டிரம்பெட் பகுதி அந்த உருப்படியோடு அப்படி ஒட்டிக்கொண்டது. பின்னர் அதை வாசித்தவர்களில் பலர் ஏறக்குறைய அதே ஸ்வரங்களையே பின்பற்றினார்கள். அதே மனிதர் 1958இல் மகாலியா ஜாக்சன் பாடிய பதிவில் 'கம் சண்டே'யை வயலினில் வாசிப்பதைக் கேட்டால், இது இரண்டாந்தரக் கைப்பழக்கம் என்று உங்களாலும் சொல்ல முடியாது. ஊதுகுழல்களே நிறைந்திருந்த குழுவுக்கு இந்த ஒரு வயலின் புதிய நிறத்தைத் தந்தது என்பதே என் எண்ணம்.

இதில் பிழைப்பின் நெருக்கடியும் உண்டு. பதினைந்து பேரை வைத்துக்கொண்டு இரவெல்லாம் அலுக்காமல் வாசிக்க வேண்டிய தலைவருக்கு, சாக்சஃபோன்காரர் கிளாரினெட்டும் எடுத்தால்தான் ஒலி மாறும். கேட்க எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம் விரல்களுக்கு எளிதன்று: மேல் ஸ்தாயிக்கான விசையை அழுத்தினால் சாக்சஃபோன் ஒரு ஸ்தாயி ஏறும், கிளாரினெட்டோ அதையும் தாண்டிப் பஞ்சமத்தில் போய் நிற்கும். ஆகவே இரண்டுக்கும் விரல் வைப்பை வெவ்வேறாகவே பழக வேண்டும்.

ஹாரி கார்னி உங்கள் கட்சிக்கு ஓரளவு சாட்சி சொல்வார். 1927இல், பதினேழு வயதில் எலிங்டனிடம் சேர்ந்தவர், கிளாரினெட்டும் பேஸ் கிளாரினெட்டும் வாசித்தாலும், பெயர் பெற்றது பாரிடோன் சாக்சஃபோனில்தான்; மற்ற இரண்டும் அதற்குத் துணையாகவே நின்றன. ஊர் ஊராகச் சென்ற கச்சேரிகளுக்கு எலிங்டனைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு ஓட்டிச் சென்றவரும் அவரே. 1974 மே மாதம் எலிங்டன் மறையும் வரை அந்தக் குழுவை அவர் விட்டுப் போகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தாமும் காலமானார். நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரே தலைவருக்குப் பக்கத்தில் வாசித்த ஒருவரை இன்று தலைவரின் பெயரைச் சொல்லாமல் அறிமுகப்படுத்த முடியவில்லை என்பது எனக்கு வருத்தந்தான், அவருக்கு அந்த வருத்தம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றாவிட்டாலும்.

நான்ஸின் அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் அன்புடன்,
வேங்கடராமன்