அமெரிக்க எம்.பி.க்களின் காப்பீடு: கணக்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு இலவசம் என்று பலரும் நம்புகிறார்கள். தவறு. 2010-ல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டமே அவர்களை அரசு ஊழியர் காப்பீட்டிலிருந்து வெளியேற்றியது. 2014 முதல், தலைநகர் வாஷிங்டனின் சிறு நிறுவனங்களுக்கான காப்பீட்டுச் சந்தையில் ‘கோல்டு’ என்ற தரத்துத் திட்டம் எடுத்தால்தான் பிரீமியத்தில் அரசின் பங்கு உண்டு. அரசு ஊழியர் திட்டங்களின் சராசரிப் பிரீமியத்தில் 72%, எடுத்த திட்டத்தின் பிரீமியத்தில் 75%, இவற்றில் எது குறைவோ அதுவே அந்தப் பங்கு. மாதம் 800 டாலர் திட்டத்துக்கு 600-க்கு மேல் வராது. மீதி அவர்கள் பொறுப்பு.

அநியாயம் வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டுச் சம்பளம் 1,74,000 டாலர் வாங்கும் உறுப்பினருக்கு, அரசின் பங்கைப் பெற வருமான வரம்பே கிடையாது. சொந்தமாகக் காப்பீடு வாங்கும் சிறு கடைக்காரருக்கோ, வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டினால், ஒரு டாலர் கூடினாலும் பிரீமியத்துக்கு அரசு தரும் மானியம் முழுதாக நின்றுவிடும் என்பதே மூலச் சட்டம். 2021-ல் இதைத் தளர்த்தினார்கள், அதுவும் தற்காலிகமாக. அந்த அவகாசம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. நீட்டிப்பதா என்ற சண்டையில்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு முடங்கியது.

மானியச் செய்தி வெளியிடும்போது உறுப்பினர்களின் இந்தக் கணக்கையும் பக்கத்திலேயே பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.