மியூனிக்கிலிருந்து தம்பிக்கு: கையெழுத்துப் போடும் முன்

மியூனிக்,
நவம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஜெர்மனியில் உனக்கு வேலை உறுதியானதில் ரொம்ப சந்தோஷம். "வீட்டிலிருந்தே பார்க்கலாமாம், நேரக் கட்டுப்பாடும் இல்லையாம்" என்று எழுதியிருந்தாய். அதில் பாதிதான் சரி. இங்கே நேரம் நம் கையில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு மணிக்கும் கணக்கு உண்டு.

பல கம்பெனிகளில் இப்படி நேரத்தை நாமே வகுத்துக்கொள்ளும் முறைக்கு கிளைட்சைட் என்று பெயர். காலை ஏழுக்கும் தொடங்கலாம், ஒன்பதுக்கும் தொடங்கலாம். சில இடங்களில் ஒன்பதிலிருந்து மூன்று வரை எல்லாரும் இருந்தாக வேண்டும் என்பார்கள். கூடுதலாகப் பார்த்த மணிகள் உன் கணக்கில் ஏறும், இன்னொரு நாள் சீக்கிரம் கிளம்பிக் கழித்துக்கொள்ளலாம். எத்தனை மணி வரை சேர்க்கலாம், மிஞ்சியது என்னவாகும் என்று முதல் வாரமே கேட்டுவிடு. சில இடங்களில் வரம்பைத் தாண்டியது அப்படியே போய்விடும்.

இதற்கெல்லாம் மேலே சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம். 10 வரை போகலாம், ஆனால் ஆறு மாதச் சராசரி எட்டைத் தாண்டக் கூடாது. 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட இடைவேளை, 9 மணி நேரத்துக்கு மேல் என்றால் 45 நிமிடம். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்க 11 மணி நேரம் ஓய்வு கட்டாயம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் சறுக்குவது இந்தக் கடைசி விதியில்தான். சாயங்காலம் ஐந்துக்கு மூடிய லேப்டாப்பை ராத்திரி பத்துக்குத் திறந்து பதினொன்று வரை வேலை பார்ப்பார்கள். அப்புறம் மறுநாள் காலை பத்துக்கு முன்னால் உட்காரவே கூடாது, ஆனால் எட்டரைக்கு மீட்டிங் இருக்கும். உடனே அந்த ஒரு மணி நேரத்தைப் பதியாமல் விட்டுவிடுவார்கள். நீ அப்படிச் செய்யாதே. வேலை நேரத்தைப் பதிய ஏற்பாடு வேண்டும் என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றமே 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. அந்தப் பதிவு உன்னைக் காக்கத்தான்.

ஒப்பந்தத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றிய வாசகத்தை நிதானமாகப் படி. அது இங்கே சட்டப்படியான உரிமை இல்லை. எழுத்தில் இருப்பது மட்டும்தான் நிற்கும். டெலிஆர்பைட், அதாவது வீட்டிலேயே நிலையான வேலையிடம், என்று போட்டிருந்தால் மேஜை, நாற்காலி, கருவிகளைக் கம்பெனி தந்தாக வேண்டும். மோபிலெஸ் ஆர்பைட்டன், அதாவது எங்கிருந்தும் பார்க்கும் வேலை, என்றால் பெரும்பாலும் லேப்டாப்போடு சரி, நாற்காலி உன் செலவு. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு அவகாசம் தந்து திரும்ப அழைக்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வரிச்சலுகை பற்றிக் கேட்டாயே: வீட்டிலிருந்து பார்த்த நாளுக்கு 6 யூரோ, வருஷத்துக்கு 210 நாள் வரை, ஆக 1260 யூரோவை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஆனால் எதுவும் காட்டாவிட்டாலும் வேலைச் செலவு என்று எல்லாருக்கும் 1230 யூரோ தானாகவே கழியும். அதனால் இது மட்டும் இருந்தால் பலன் ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள். நாற்காலி, மானிட்டர், பயிற்சி வகுப்பு ரசீதுகளையும் சேர்த்து வைத்தால்தான் தொகை மேலே போகும்.

இங்கே சேர்ந்த பிறகு ஊருக்குப் போய் ஒரு மாதம் அங்கிருந்தே வேலை பார்க்கும் யோசனையை எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொடாதே. கம்பெனிக்கு இந்தியாவில் வரிச் சிக்கல் வரலாம். இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடும் அங்கே பொதுவாகச் செல்லாது. ஊருக்குப் போனால் விடுப்பில் போ, அம்மாவோடு நிம்மதியாக இரு.

என் யோசனை, முதல் ஆறு மாதம் வாரத்தில் மூன்று நாளாவது ஆபீஸுக்குப் போ. அது பெரும்பாலும் சோதனைக் காலம், இரண்டு வார நோட்டீஸில் நீயோ கம்பெனியோ ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். யாரிடம் எதைக் கேட்பது என்பது கேன்டீனில்தான் தெரியவரும், ஜெர்மனும் அங்கேதான் நாக்கில் பழகும். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது ஒரே அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது புதிதாக வந்தவர்களை வாட்டும்.

ஒப்பந்தத்தில் வீட்டிலிருந்து வேலை பற்றிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ஞாயிறன்று உட்கார்ந்து வரிக்கு வரி பார்த்துச் சொல்கிறேன். குளிர்கால நேரம் தொடங்கிவிட்டதால் இப்போது உங்களைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். உன் கணக்கில் சாயங்காலம் ஆறுக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா