பதுவையில் இருக்கும் மகளுக்கு: களியும் மட்டியும்

ஏற்காடு,
ஆடி முதல் வாரம்.

அன்பு மகளுக்கு,

ஆகஸ்டு 15ஆம் நாள் உன் வீட்டில் எட்டுப் பேருக்கு விருந்து வைக்கப் போவதாகவும், மாதா விண்ணேற்புத் திருநாள் என்பதால் அன்று இத்தாலி முழுவதும் விடுமுறை என்றும், கொளுத்துகிற வெயிலுக்கு ஏற்றபடி மட்டிச் சிப்பியும் மக்காச்சோளமும் போலெந்தாவும் வைத்து என்ன சமைக்கலாம் என்று யோசித்துச் சொல்லும்படியும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அளவுகளை நீ காதில் வாங்கி மறந்துவிடுவாய் என்பதாலும், சென்ற ஆண்டு உன் வீட்டில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றி இன்னும் உன்னிடம் முறையாகப் பேசவில்லை என்பதாலும் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் போலெந்தாவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் உனக்கு அச்சம் தேவையில்லை. அது களிதான். ஆத்தூர்ப் பக்கம் வேளாண்மை அலுவலராக இருந்த காலம் முழுவதும் மக்காச்சோள வயல்களிலேயே நடந்தவன் நான். அங்கே விளைவதில் பெரும்பகுதி நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போவதையும், 2018இல் படைப்புழு வந்து குருத்துகளைத் தின்று தீர்த்தபோது உழவர்கள் தவித்ததையும் கண்டவன். அதனால் உன் நண்பர் வீட்டில் அந்த மஞ்சள் மாவைக் கிண்டி மரப்பலகையில் கொட்டியபோது, கோழித் தீவனத்தை விருந்தில் வைக்கிறார்களே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இரண்டாம் கவளத்தில் உன் அப்பாயியின் கேழ்வரகுக் களி நினைவுக்கு வந்துவிட்டது. பானையின் வாயில் கவைக்கோலைக் கொடுத்து, அதன் முனைகளைக் காலால் மிதித்துக்கொண்டு, இரு கைகளாலும் துடுப்பைப் பிடித்து அவர் கிண்டுவதை நீ பார்த்திருக்கிறாய். அங்கே செப்புப் பாத்திரமும் நீண்ட மரக்கோலும். இங்கே மண்பானையும் துடுப்பும். தோள்வலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

வேறுபாடு மாவை இடும் முறையில் இருக்கிறது. நாம் நொய்யை முதலில் வேகவிட்டு, அதன்மேல் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் துளையிட்டு, ஆவியில் வெந்த பிறகுதான் கிண்டுகிறோம். போலெந்தாவுக்கு அப்படிச் செய்தால் கட்டி விழும். கொதிக்கும் உப்பு நீரில் ஒரு கையால் மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக்கொண்டே மறுகையால் கிளற வேண்டும். மாவு நைசாக இல்லாமல் ரவைபோல் கரகரப்பாக இருக்கட்டும். ஒரு கிலோ மாவுக்கு நான்கு லிட்டர் நீர் என்பது வெட்டித் துண்டு போடும் பதம். ஐந்து லிட்டர் ஊற்றினால் தட்டில் பரவும் பதம். எட்டுப் பேருக்கு 700 கிராம் மாவும் 2,800 மில்லி லிட்டர் நீரும் போதும். லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு என்பது வழக்கம். மேலே ஊற்றப் போகும் மட்டிச் சாறே உப்புக் கரிக்கும் என்பதால் நீ லிட்டருக்கு எட்டு கிராமோடு நிறுத்திக்கொள். சிறு தீயில் நாற்பது நிமிடமாவது வேக வேண்டும். ஐந்து நிமிடத்தில் வேகும் பொட்டலம் ஒன்று உன் அலமாரியில் இருந்ததைப் பார்த்தேன். அது முன்பே வேகவைத்துக் காயவைத்த மாவு, அவசரத்துக்கு உதவும், விருந்துக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள். நம் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் இங்கே துவரம்பருப்பும் களியும் வேகச் சேலத்தைவிடக் கூடுதல் நேரம் கேட்கின்றன. நீ இருப்பதோ கடலை ஒட்டிய சமவெளி. நான் இங்கே கிண்டிப் பார்த்துக் குறித்துவைத்த நேரத்தை அப்படியே பின்பற்றினால் உனக்கு அடிப்பிடிக்கும். ஆகவே முப்பத்தைந்தாம் நிமிடத்திலேயே ஒரு துளி எடுத்துச் சுவைத்துப் பார்.

ஆகஸ்டு வெயிலில் மாலை நேரம் அடுப்படியில் நாற்பது நிமிடம் நிற்பது யாருக்கும் முடியாத காரியம். விடியற்காலையிலேயே கிண்டி, எண்ணெய் தடவிய தட்டத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி ஆறவிடு. வெந்த மாவுச்சத்து குளிரும்போது தானே இறுகிக்கொள்ளும். மாலையில் துண்டுகளாக வெட்டித் தோசைக்கல்லில் இரு பக்கமும் பொன்னிறமாக வாட்டிக்கொள்ளலாம். மிஞ்சிய களியை நாம் நீரில் போட்டு மறுநாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிப்போம். அவர்கள் மிஞ்சியதை வாட்டித் தின்கிறார்கள். வாட்டுவதும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஊருக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. பதுவை அந்தோனியார் என்று சொன்னால் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. வீரமாமுனிவர் 1680இல் பிறந்த காஸ்திலியோனேயும் அதே வட இத்தாலியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் களியைக் கண்டபோது அவருக்கு ஊர்ச் சாப்பாடு நினைவுக்கு வந்திருக்குமோ என்று சில இரவுகளில் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. இதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

அந்தக் களியில் ஒரு பெருந்துயரமும் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து மக்காச்சோளம் வந்த பிறகு, வட இத்தாலியின் ஏழைகள் போலெந்தாவைத் தவிர வேறு எதுவும் கிடைக்காமல் அதையே மூன்று வேளையும் உண்டார்கள். தோல் கறுத்து உரிந்தது, வயிறு கெட்டது, சித்தம் கலங்கியது. 1771இல் மிலான் நகர மருத்துவர் பிராப்போலி அந்நோய்க்குப் பெல்லாக்ரா என்று பெயரிட்டு எழுதினார். சொரசொரத்த தோல் என்பது அதன் பொருள். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற உயிர்ச்சத்து இருந்தும் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி அது கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவின் பழங்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் உண்டார்கள். ஐரோப்பியர் தானியத்தை மட்டும் கொண்டுவந்து, சுண்ணாம்பைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். உணவுக் குறையே காரணம் என்று அமெரிக்காவில் கோல்ட்பெர்கர் காட்டியது 1910களில்தான். கீரையோ கருவாட்டுக் குழம்போ இல்லாமல் களியைத் தட்டில் வைக்க உன் அப்பாயி ஒருநாளும் சம்மதித்ததில்லை. அவருக்கு நியாசினைத் தெரியாது. போலெந்தாவின்மேல் மட்டியும் மீனும் போட்டு உண்ணும் கடற்கரைக்காரர்களின் வழக்கம் அதே வழியில் செல்கிறது. ஆகையால் உன் விருந்தில் மாவு குறைவாகவும் மேலே ஊற்றுவது தாராளமாகவும் இருக்கட்டும்.

இனி மட்டி. களி நமக்குப் பழக்கம், மட்டிதான் புதிது. சேலத்துக்காரர்களுக்கு மீன் என்றால் மேட்டூர் அணைக் கெண்டையும் சிலேபியும், பனிக்கட்டியில் வரும் கடல்மீனும்தான். உயிரோடு ஓட்டுக்குள் இருக்கும் ஒன்றை வாங்கி வந்து சமைத்த அனுபவம் எனக்கு இருந்ததில்லை. சென்ற ஆண்டு நீ வாங்கி வந்த மட்டியை, மண் போக வேண்டுமே என்ற அக்கறையில், இரவு முழுவதும் குழாய் நீர் நிறைத்த வாளியில் ஊறப்போட்டேன். காலையில் அத்தனையும் வாய் பிளந்து, நாற்றமும் தொடங்கியிருந்தது. நீ ஒன்றும் சொல்லாமல் பையில் கட்டிக் குப்பையில் போட்டாய். கடித்துப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இரண்டு நாள் கழித்து நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கியோஜா மீன் சந்தைக்கு நானே பேருந்தேறிப் போய், மொழி தெரியாமல், ஒரு மூதாட்டியின் கடைமுன் நின்று கைகளால் கேட்டேன். அவர் ஒரு மட்டியை எடுத்துக் கல்லின்மேல் தட்டினார், கணீரென்று ஒலித்தது. இன்னொன்றைத் தட்டினார்; மொத்தென்று கேட்டது. அதைப் பிரித்துக் காட்டினார், உள்ளே முழுவதும் சேறு. பிறகு ஒரு பிடி உப்பை அள்ளி நீரில் போடுவதுபோல் சைகை செய்தார்.

அவரிடம் கற்றதையும் அதன்பின் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மட்டி கடல் உயிர். நன்னீரில் போட்டால் செத்துவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த நீர்தான் கடலுக்கு நிகர். அகன்ற தட்டில் ஒரு கம்பி வலையை வைத்து, மட்டியை அதன்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, மூழ்கும் அளவு மட்டும் அந்த நீரை ஊற்றி, இருட்டான இடத்தில் மூன்று மணி நேரம் விடு. கக்கிய மண் வலைக்கு அடியில் தங்கும், மறுபடி உள்ளே போகாது. திறந்திருப்பதைத் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடாததையும் ஓடு உடைந்ததையும் எறிந்துவிடு. 15ஆம் தேதி கடைகள் இருக்காது என்பதால் முந்தைய நாளே மூன்று கிலோ வாங்கி, ஈரத்துணி போர்த்திக் குளிர்பெட்டியில் வை. நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டாதே, நீரில் போட்டும் வைக்காதே. மண் கக்க விடுவது மறுநாள் பிற்பகலில் இருக்கட்டும்.

முத்திரையும் தேதியும் உள்ள வலைப்பையில் வருவதை மட்டுமே வாங்கு. உன் நண்பர்கள் காயலில் தாமே பொறுக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடு. நீரை வடிகட்டித் தின்னும் உயிர் என்பதால், நச்சுப்பாசி பெருகும் காலத்தில் அதன் நஞ்சு மட்டிக்குள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. 1981இல் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே அப்படி மட்டி தின்று மூவர் இறந்திருக்கிறார்கள்.

சமையல் என்னவோ சிறிது நேரம்தான். வாயகன்ற சட்டியில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் நசுக்கிய பூண்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு ஆகியவற்றை வதக்கி, மட்டியைப் போட்டு மூடிவிடு. நீர் ஊற்றாதே, உப்பும் போடாதே. மூன்றாம் நிமிடம் முதல் வாய் திறக்கத் தொடங்கும். திறந்ததை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் ரப்பராகும். மூன்று கிலோவையும் ஒரே சட்டியில் திணிக்காமல் மூன்று தடவையாகச் செய். அடியில் தேங்கும் சாறுதான் இந்த உணவின் உயிர். அதை மெல்லிய துணியில் வடிகட்டி, சீவிய இளஞ்சோள மணிகளை அதில் போட்டு நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, மட்டியைத் திரும்பச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து இறக்கு. மணிகளைச் சீவிய தண்டைக் கத்தியின் முதுகால் வழித்தால் பால் வரும். அதையும் விடாதே, சாறு தானே கெட்டிப்படும். இனிப்புச் சோளம் பறித்த கணத்திலிருந்து சர்க்கரையை மாவாக்கிக்கொண்டே இருக்கும் என்பதால், கதிரை வாங்கிய நாளிலேயே சமைப்பது நல்லது. அது முடியாதபோது மேல்தோலை உரிக்காமல் குளிர்பெட்டியில் வை. ஏரிக்கரையில் உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையில் தொட்டுத் தேய்த்துத் தருவார்களே, அந்தச் சுட்ட கதிர் வேறு ஜாதி. இங்கே அதன் கரிவாசனை வேண்டாம்.

மட்டி விலை ஏறியிருப்பதாகச் சொன்னாய். அமெரிக்கக் கடலிலிருந்து வந்த நீல நண்டு 2023 முதல் அங்குள்ள மட்டிப் பண்ணைகளைச் சூறையாடுகிறது என்று செய்தியில் படித்தேன். அப்படியானால் ஒன்றரைக் கிலோ நண்டையும் வாங்கி, மிளகும் சீரகமும் பூண்டும் அரைத்து, புளியைக் குறைத்து, வரட்டி வை. களிக்கு நண்டு எவ்வளவு பொருந்தும் என்பதை வயல் நண்டு தின்று வளர்ந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தது, நீ வாங்கும் மட்டி 1983இல் ஆசியாவிலிருந்து வெனிசுக் காயலுக்குக் கொண்டுபோய் விட்ட இனம், நண்டு மறுபடியும் அமெரிக்கா. புளியாவது நம்முடையது என்று எழுத வந்தேன். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று கல்லூரியில் படித்தது குறுக்கே வந்துவிட்டது.

குளிர்ந்த உணவாக ஒன்று வேண்டுமென்றால் மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயமும் வினிகரும் உலர்திராட்சையும் அடுக்கடுக்காகப் போட்டு ஊறவைக்கும் வெனிசு முறையையே செய். 13ஆம் தேதியே செய்துவிடலாம். நம் மீன்குழம்பைப் போல நாள்பட்டால்தான் ருசி. வெள்ளை மக்காச்சோளப் போலெந்தாவோடு அதை உண்பார்கள். எதன்மேலும் பாலாடைக்கட்டி துருவிவிடாதே. கடலுணவில் அதைச் சேர்ப்பதை அந்த ஊர்க்காரர்கள் விரும்புவதில்லை, எனக்கும் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் அங்கே திரும்பும் உன் தோழியிடம் நம் தோட்டத்து மிளகு கால் கிலோவும், பலாமரத்தில் செதுக்கிய துடுப்பு ஒன்றும் கொடுத்தனுப்புகிறேன். கவைக்கோலும் அனுப்பலாம் என்றுதான் வெட்டி வைத்தேன். பெட்டியில் குறுக்காக வைத்துப் பார்த்தும் நுழையவில்லை. சட்டியைப் பிடித்துக்கொள்ள அன்று காலை எட்டுப் பேரில் ஒருவரை முன்கூட்டியே வரச் சொல்.

அன்புடன்,
அப்பா