நினைவுக்கல்லைப் பிளீச்சால் கழுவாதீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1942 ஜனவரி 7-இல் மலேசியாவின் பேராக்கிலுள்ள எங்கள் சிலிம் ரிவர் ரப்பர் தோட்டங்களினூடே ஜப்பானியப் படையுடன் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பஞ்சாபி, கூர்க்கா இளைஞர்கள் பலர் மாண்டனர். அத்தகைய வீரர்களுக்கு வைத்த நினைவுக்கல்லைக் கழுவப் பிளீச்சும் கம்பி பிரஷும் வேண்டாம். பிளீச்சின் உப்பு கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். காயக் காய மேல்பரப்பு பொருக்காக உதிர்ந்து, பெயரும் சேர்ந்தே போகும். முதலில் கல்லை நன்றாக நனையுங்கள். மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வழிந்து கோடு விழும். வெறும் தண்ணீரே போதும். பெயிண்ட் அடித்து 'புதுசாக்குவது' அதைவிட மோசம், ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மாண்ட வீரரின் கல்லறையைத் தேடுவோர் பெயரோடு, படையில் அவருக்குத் தரப்பட்ட எண்ணையும் ரெஜிமெண்டையும் (படைப்பிரிவு) வைத்துத் தேடவும். தைப்பிங் போர்க் கல்லறையில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்களே. அங்கே இல்லாவிட்டால், சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

வாசகர்,
சிலிம் ரிவர், பேராக்